டெஸ்மாரா என்று பெயர் வைத்தவர்கள்

லோர்னா தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் புருஷன் ரஸ்ஸல் அந்தப் பேச்சை எடுத்தான். வாயில் ஊசி இருக்கும் நேரம் பார்த்துப் பேசினால் உடனே பதில் வராது என்பது அவன் கல்யாணத்தில் கற்றுக்கொண்ட ஒரே சாமர்த்தியம்.

"இந்த வருஷம் பாப்பா டிராகன் வேஷம் போட்டா என்ன?"

லோர்னா ஊசிகளை உள்ளங்கையில் துப்பினாள்.

"என்ன சொன்ன?"

"சும்மா ஒரு யோசனதான். டிராகன்னா எல்லாருக்கும் பிடிக்கும்ல."

"கிறிஸ்மஸ் மரத்தக் குப்பையில போட்ட வாரத்துல இருந்து இந்த அங்கியத் தெச்சுக்கிட்டிருக்கேன். தோள்ல இருக்கற ஒவ்வொரு சிப்பியும் நான் கையால ஒட்டுனது. இப்ப வந்து டிராகனாம். மூளைய எங்கயாவது கழட்டி வெச்சிட்டு வந்தியா?"

ரஸ்ஸல் நிலவறைக்கு இறங்கிப் போய்விட்டான். அங்கே அவனுடைய பொம்மைப் படை இருந்தது. கட்டைவிரல் உயரத்தில் ஈயச் சிப்பாய்கள். ஒவ்வொருவனுக்கும் கண்ணிமை வரைக்கும் சாயம் பூசி வைத்திருந்தான். வீட்டு முன்கதவில் சாயம் உரிந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. அதற்கு மட்டும் அவனுக்கு நேரம் வாய்க்கவில்லை.

அமெரிக்காவின் மேடிசன் ஊரில் அவர்கள் தெருவுக்கே தெரியும், இவர்கள் இரண்டு பேரும் எதனால் சேர்ந்தவர்கள் என்று. 'உப்புக் கோட்டை' என்ற கதைத் தொடர். தலையணை கனத்தில் நாலு பாகம். கல்லூரி நாட்களில் மூன்றாம் பாகத்துக்காகப் புத்தகக் கடை வாசலில் வரிசையில் நின்றபோது ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நாலாம் பாகம் வந்த வருஷம் மகள் பிறந்தாள். அந்தப் பாகத்தின் கடைசிப் பக்கத்தில், டெஸ்மாரா என்ற காவல்காரி, கோட்டைக் குழந்தைகள் நாற்பது பேரையும் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு, வெளியே எதிரிப்படை இடிக்கும் கதவின் முன்னால் ஒற்றை ஆளாய் நிற்பாள். அத்தோடு அந்தப் பாகம் முடியும். பிரசவ ஆஸ்பத்திரியில் அந்தப் பக்கத்தைப் படித்து இருவரும் அழுதார்கள். பிள்ளைக்கு டெஸ்மாரா என்றே பெயர் வைத்தார்கள். "நான்தான் மொதல்ல சொன்னேன்" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவன் பீற்றிக்கொள்வான். "அவன் சொன்னான், முடிவு பண்ணது நான்" என்று இவள் திருத்துவாள். கதை முடியவில்லையே என்று ஒரு கிழவர்கூட எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இவர்கள் கேட்டிருக்கப் போவதில்லை.

அதை எழுதிய அம்மாள் பிறகு பத்து வருஷம் அடுத்த பாகத்தை வெளியிடவில்லை. இந்தக் கோடையில்தான் ஐந்தாம் பாகம், கடைசிப் பாகம், வருகிறது. ஆகஸ்டில் மில்வாக்கியில் ஓர் ஓட்டலில் உப்புக் கோட்டை ரசிகர் கூட்டம். குழந்தைகள் வேஷம் கட்டி மேடையேறுவார்கள். டெஸ்மாரா என்ற பெயருள்ள பிள்ளை டெஸ்மாராவாகவே ஏறப் போகிறாள். சுற்று வட்டாரத்தில் எந்தப் பெற்றோருக்கு அந்தக் கொடுப்பினை? லோர்னா அதை நினைத்து நினைத்தே ஊசி கோத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் ரஸ்ஸல் சமையலறைக்கு வந்து, கேட்காமலே பாத்திரம் கழுவ ஆரம்பித்தான். அப்போது அவளுக்குப் பொறி தட்டியது.

"நீ படிச்சிட்ட."

"எத?"

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காத, ரஸ்ஸல். அஞ்சாம் பாகம். உன் பாட்காஸ்டுக்கு முன்னாடியே அனுப்பிட்டாங்க, இல்ல?"

ரஸ்ஸல் ஞாயிற்றுக்கிழமை தோறும் நிலவறையில் உட்கார்ந்து உப்புக் கோட்டையைப் பற்றி இணையத்தில் பேசுவான். கேட்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பேச்சை மாற்றுவான். ஆனால் பதிப்பகத்தார் கணக்கில் அவனும் ஓர் ஆள். தட்டைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினான்.

இந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. புத்தகம் ஒன்றுதான் வாங்குவது. ஒருத்தர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்போது மற்றவர் படிப்பது. ஒருவர் பக்கத்தில் வைக்கும் அடையாளச் சீட்டு மற்றவருடையதை ஓர் அத்தியாயத்துக்கு மேல் தாண்டக் கூடாது. பிள்ளைக்கு அம்மை போட்டபோதுகூட அந்தச் சட்டத்தை அவர்கள் மீறியதில்லை. அவன் வேறொருத்தியோடு சினிமாவுக்குப் போயிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"எவ்வளவு நாளா?"

"மே மாசத்துல இருந்து."

"மே மாசத்துல இருந்து என் பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்க!"

"சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க, லோர்னா."

"சரி, டிராகன் வேஷம் எதுக்கு? டெஸ்மாராவுக்கு என்ன ஆச்சு? செத்துட்டாளா?"

"முடிவச் சொன்னா உனக்குக் கத கெட்டுப்போயிடும்."

இந்தக் கூட்டத்தாரிடம் இது ஒரு பெரிய நோன்பு. வீடே தீப்பற்றி எரிந்தாலும் கதையின் முடிவை மட்டும் சொல்ல மாட்டார்கள். சொன்னவனை அடுத்த வருஷம் யாரும் பக்கத்தில் உட்கார விடுவதில்லை. லோர்னாவும் அதே நோன்பில் ஊறியவள்தான். ஆகவே அவளும் மேலே கேட்கவில்லை. அவள் செய்த முதல் முட்டாள்தனம் அது. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், ஒரு தட்டை அவன் காலடியில் போட்டு உடைத்துவிட்டு மறுபடி தைக்கப் போய்விட்டாள்.

ஜூலையில் புத்தகம் வந்தது. அவன்தான் படித்தாயிற்றே, இனி முறை எதற்கு என்று முதல் சனிக்கிழமை புத்தகத்தையும் எடுத்துக்கொண்டாள். மகளை ஏரிக்குக் கூட்டிப்போய் நீந்த விட்டாள். துண்டு விரித்து உட்கார்ந்து, ஒரு கண் தண்ணீரிலும் ஒரு கண் பக்கத்திலுமாகப் படித்தாள். மதியத்துக்கு மேல் இரண்டு கண்ணும் பக்கத்துக்கே போய்விட்டன. பாதிப் புத்தகம் தாண்டியதும் அந்த இடம் வந்தது.

டெஸ்மாரா குழந்தைகள் நாற்பது பேரையும் வரிசையாக நிறுத்துகிறாள். கைகோத்துக்கொள்ளச் சொல்கிறாள். பயப்படாமல் இருக்க ஒரு பாட்டுப் பாடச் சொல்கிறாள். பிறகு தாழ்ப்பாளை நீக்கி, அவர்களை எதிரியிடம் ஒப்படைத்துவிட்டு, தன் ஒரு உயிரை மட்டும் வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுகிறாள். முதல் பாகத்திலிருந்தே அவள் எதிரியின் ஆள்தானாம்.

லோர்னா புத்தகத்தை மணலில் விட்டெறிந்தாள். பக்கத்தில் படுத்திருந்த கிழவி எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கு தண்ணீரிலிருந்து கையசைத்து, "அம்மா! நான் தலகீழா நிக்கறேன் பாருங்க!" என்று கத்திக்கொண்டிருந்தது. பத்து வயது. பள்ளிக்கூடத்தில் புது வாத்தியார் யார் வந்தாலும், "என் பேரு ஒரு காவல்காரியோட பேரு, நாப்பது கொழந்தைங்களக் காப்பாத்துனவ" என்று தானே போய்ச் சொல்லும் பிள்ளை.

வீட்டுக்கு வந்ததும் மகளை உள்ளே குளிக்க அனுப்பிவிட்டு, கார் கொட்டகைக்கு ரஸ்ஸலை இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"பிள்ளைங்களப் பிடிச்சுக் குடுத்தவ பேர எம் பொண்ணுக்கு வெச்சிருக்கோம். அத மே மாசத்துல இருந்து தெரிஞ்சுக்கிட்டு நீ சாயம் பூசிக்கிட்டு இருந்திருக்க."

"டிராகன் போடலாம்னு சொன்னேன்ல."

"அது சொன்னதா? பூடகம் போட்டா சொன்னதா ஆயிடுமா? உன் கையெழுத்துதான் உனக்குப் பெருசு. பொண்ணு எக்கேடு கெட்டா என்ன!"

"கத்தாத. இந்தப் பேர் வேணும்னு குதிச்சது யாரு? நீதான்."

"நானா? ஆஸ்பத்திரியில ஒத்தக் கால்ல நின்னது நீ! நான் ரூத்துன்னு எங்கம்மா பேர வெக்கலாம்னுதான் நெனச்சேன். எனக்கு அந்தப் பேரே பிடிக்கல, தெரியுமா? ஆரம்பத்துல இருந்தே பிடிக்கல!"

"எனக்கு மட்டும் ரொம்பப் பிடிச்சிச்சா? பிள்ள பெத்தவ கேக்கறாளேன்னு விட்டுக்குடுத்தேன்."

இரண்டும் பச்சைப் பொய். பத்து வருஷமாக பெயர் தன்னால் வந்தது என்று பெருமைக்குச் சண்டை போட்டவர்கள், இப்போது சொன்னது தான் இல்லை என்று சண்டை போட்டார்கள். கொட்டகைச் சுவர் அட்டை மாதிரி மெலிசு என்பது இருவருக்கும் தெரியும். கோபத்தில் அதை யார் நினைக்கிறார்கள்?

கத்தி முடித்தபின் பேரம் ஆரம்பித்தது. மகளிடம் இன்றே சொல்லிவிடலாம் என்றான் ரஸ்ஸல். சொல்ல நாக்கு எழும் ஆள் இல்லை அவன். அவளையே சொல்ல வைத்துவிடலாம் என்ற கணக்கு. கூட்டம் முடியட்டும் என்றாள் லோர்னா. அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. அந்த அங்கி மேடையேற வேண்டும். இத்தனை மாதம் விரல் நுனியெல்லாம் குத்துப்பட்டது, பிள்ளை டிராகன் முகமூடிக்குள் போவதற்காக அல்ல.

"அங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் படிச்சிருப்பாங்க, லோர்னா."

"கட்டில் கால் தண்டியில இருக்கு அந்தப் புக்கு. மூணு வாரத்துல எவன் முடிச்சிருப்பான்? எல்லார் வீட்லயும் பிள்ள குட்டி இருக்கு."

இதுவும் அவள் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்ட பேச்சு. மகள் மூன்றாம் பாகம் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்த ஐந்தாம் பாகத்தைத் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். உலகத்திலேயே அந்த ஒரு பிரதிதான் அச்சடித்தார்கள் என்பதுபோல, ஒருவர் மாற்றி ஒருவர் காவல் காத்தார்கள். மகளோ தினமும் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் நூலகத்துக்குப் போய்விடுவாள். விடுமுறையில் பிள்ளைகள் படிக்கும் புத்தகத்துக்கெல்லாம் அங்கே ஒரு சீட்டில் முத்திரை குத்தி, சீட்டு நிறைந்தால் ஒரு கஸ்டர்ட் ஐஸ்கிரீம் இலவசமாகக் கொடுப்பார்கள். பிள்ளை படிக்கிறது, வீட்டில் தொந்தரவில்லை என்று இருவரும் மகிழ்ந்தார்கள். அவன் பொம்மைக்குச் சாயம் பூசினான், அவள் சிப்பி ஒட்டினாள். நூலக வாசலில், உள்ளே நுழைகிறவர் முழங்கால் இடிக்கும்படி, ஐந்தாம் பாகத்தைக் கோபுரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். போய்ப் பார்க்கத்தான் இருவருக்கும் நேரமில்லை.

மகள் அந்த நாட்களில் அதிகம் பேசவில்லை. "அங்கி சரியா இருக்கா, கண்ணு?" என்றால், "ம்" என்பாள். வயசுக்கு வரப்போகிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று லோர்னா தனக்கே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டாள்.

மில்வாக்கியில் அந்த ஓட்டல் மண்டபம் நிரம்பி வழிந்தது. ரசிகர் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்லவர் வேஷம் வந்தால் தரையில் காலால் தட்டுவார்கள். துரோகி வேஷம் வந்தால் பாம்பு மாதிரிச் சீறுவார்கள். எல்லாம் விளையாட்டுதான்; சீறப்பட்ட பிள்ளைகள் இன்னும் கோணலாய் முகம் காட்டிச் சிரித்துக்கொண்டு இறங்கும்.

மகள் ஏறினாள். வெள்ளை அங்கி விளக்கொளியில் உப்புப் பாளம் போலவே மின்னியது. அந்த ஒரு நொடி லோர்னாவுக்குப் பெற்ற வயிறு குளிர்ந்தது. அடுத்த நொடி மண்டபம் சீறியது. ஒரு மூலையில் ஆரம்பித்து, கடைசி வரிசை வரைக்கும் பரவியது. பாதிப் பேர் அல்ல, அத்தனை பேரும் படித்திருந்தார்கள்.

"சொன்னேன்ல" என்றான் ரஸ்ஸல்.

"வாய மூடு. மூடலேன்னா இங்கயே அறைஞ்சிருவேன்."

மேடையில் மந்திரவாதி அங்கி போட்ட தொப்பைக்காரர் ஒருவர் ஒலிவாங்கியோடு நின்றார். குனிந்து, குரலை உருட்டிப் பேசினார்.

"அடேயப்பா! நாப்பது பிள்ளைங்களப் பிடிச்சுக் குடுத்த மகராசி வந்துட்டாங்க! பாப்பா, உன் பேரு என்ன?"

"டெஸ்மாரா."

"அது வேஷத்தோட பேரு. உன் சொந்தப் பேரச் சொல்லு."

"என் சொந்தப் பேரே அதுதான்."

சீறல் அப்படியே நின்றது. முன்வரிசையில் ஒரு பெண் "அச்சச்சோ" என்றாள். அது ஒலிவாங்கியில்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. தொப்பைக்காரர் நல்ல மனிதர், தடுமாறிப்போய்க் கேட்கக் கூடாததைக் கேட்டார்.

"யாரும்மா... யாரு வெச்சது?"

மகள் கையை நீட்டி மேடை ஓரத்தைக் காட்டினாள்.

"அதோ நிக்கறாங்களே, அவங்க ரெண்டு பேரும். முடிவு வரைக்கும் படிக்காமயே வெச்சிட்டாங்க. நான் படிச்சிட்டேன்."

கூரை அதிரும்படி சிரித்தார்கள். இதமான சிரிப்புத்தான், குழந்தையின் பக்கம் நிற்கிற சிரிப்பு. அத்தனை பேரும் கழுத்தை வளைத்து ரஸ்ஸலையும் லோர்னாவையும் பார்த்துச் சிரித்தார்கள். அவனுடைய பாட்காஸ்டைக் கேட்பவர்களும் அதில் இருந்தார்கள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. தலை வணங்கிவிட்டு இறங்கினாள். சீறியவர்களே இப்போது காலால் தட்டினார்கள். அங்கிக்கு இரண்டாம் பரிசு என்று யாரோ ஒரு ரிப்பனைக் கொண்டுவந்து லோர்னாவிடம் நீட்டினார்கள். அவள் அதை எங்கே வைத்தாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் ஆரம்பித்துவிட்டாள்.

"மே மாசமே நீ சொல்லியிருந்தா இந்தக் கேவலம் வந்திருக்குமா?"

"அன்னிக்கே சொல்லிடலாம்னேன். அங்கிதான் பெருசுன்னு நின்னது நீ."

"எப்பவும் என் தலையிலயே போடு. உன் பாழாப்போன பாட்காஸ்ட்..."

"அம்மா."

பின்சீட்டிலிருந்து வந்த அந்தக் குரலில் அழுகை இல்லை. அழுகை இருந்திருந்தால் லோர்னா திரும்பி அணைத்திருப்பாள்.

"கொட்டகையில நீங்க சண்ட போட்டதக் கேட்டேன். நான் வெக்கல, நீதான் வெச்சன்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்க. ஆரம்பத்துல இருந்தே பிடிக்கலன்னு சொன்னீங்க."

"கண்ணு, அது கோவத்துல..."

"மறுநாளே போய் லைப்ரரியில எடுத்தேன். ஏன் பிடிக்கலன்னு தெரிஞ்சுக்கறதுக்கு."

நெடுஞ்சாலையில் லாரிகள் உறுமிக்கொண்டு தாண்டிப் போயின. ரஸ்ஸல் தொண்டையைச் செருமினான்.

"பேர மாத்திக்கலாம்மா. கோர்ட்ல எழுதிக் குடுத்தா முடிஞ்சுது. உனக்குப் பிடிச்ச பேரா நீயே பாத்து வெச்சுக்கோ."

"வேணாம். அவ கெட்டவதான். ஆனா பத்து வருஷமா அந்தப் பேரோட நான்தான இருக்கேன்? உங்க ரெண்டு பேருக்கும் அது வேணாம்ல? அப்ப எனக்கே இருக்கட்டும்."

லோர்னாவுக்கு மூச்சு வந்தது. விட்டுவிட்டாள், மன்னித்துவிட்டாள் என்று அவசரப்பட்டு நினைத்தாள்.

"ஆனா நீங்க ரெண்டு பேரும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கண்ணு, பாப்பான்னும் கூப்பிடக் கூடாது."

"பின்ன எப்பிடிடி கூப்பிடறது?"

"கூப்பிடாதீங்க."

வீடு வந்ததும் மகள் அங்கியோடு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபம் பசி வரைக்கும்தான் என்றான் ரஸ்ஸல். லோர்னா மகளுக்குப் பிடித்த மக்ரோனியும் சீஸும் செய்தாள். தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். ரஸ்ஸல் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"கூப்பிடு" என்றான்.

"நீ கூப்பிடு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு முள்கரண்டியை நகர்த்தி வைத்தான். லோர்னா படிக்கட்டின் கீழே போய் நின்றாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தினமும் கூப்பிடுகிற மாதிரியே வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். மேலே கதவு சாத்தியே இருந்தது. மேசையில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது, அவள் நின்றுகொண்டே இருந்தாள்.